பச்சைக் கோட்டில் அழகம்மாவின் சத்தம்

அழகம்மா வாயைத் திறந்தால் கிளி பறக்கும் என்று செட்டிகுளம் வீதிப் பக்கத்தில் சொல்வார்கள். நான் விளம்பரக்காரன். ஒன்றைப் பத்தாக்கிச் சொல்வதுதான் என் பிழைப்பு. ஆனால் இந்த விஷயத்தில் கூட்டிச் சொல்ல எனக்கு ஒன்றும் மிச்சமில்லை. அவர் ஒரு தரம் கத்தினால் அவருடைய தோட்டத்துக் கிளிகளோடு பக்கத்துத் தோட்டத்துக் கிளிகளும் எழும்பிப் போகும். அதனாலேயே அவருடைய வேலிக்குப் பக்கத்தில் சோளன் போடுவதற்குச் சனம் ஆசைப்பட்டது.

அவர் பிறந்தது மாத்தளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். மேல்மலையில் கொழுந்து பறிக்கிற தாய்க்கும் கீழே லயத்து வரிசை வீட்டில் இருக்கிற பிள்ளைக்கும் நடுவில் ஒரு பெரிய பள்ளம். தம்பி அழுகிறான், மழை வருகிறது, அடுப்பில் சோறு வெந்துவிட்டது, எல்லாவற்றையும் அந்தப் பள்ளத்துக்கு மேலால் கத்தித்தான் சொல்ல வேண்டும். அப்படிப் பழகிய குரல். எழுபத்தேழு கலவரத்தில் அடிபட்டுக் குடும்பத்தோடு வன்னிக்கு வந்தபோது சட்டி பானையைக்கூட எடுத்து வர முடியவில்லையாம், குரல் மட்டும் முழுசாக வந்து சேர்ந்தது. இங்கே மலையும் இல்லை, பள்ளமும் இல்லை. பக்கத்து வீட்டில் தீப்பெட்டி கேட்டாலே ஊருக்குக் கேட்டுவிடும். காட்டை வெட்டிச் சோளன் போட்ட பிறகுதான் அந்தக் குரலுக்கு ஒரு வேலை கிடைத்தது.

அவருடைய கணவர் ஆண்டியப்பன் இதற்கு நேர்மாறு. அந்த மனிதர் பேசினால் பக்கத்தில் நிற்கிறவர் குனிந்து காதைக் கொடுக்க வேண்டும். என்ன சொன்னீர்கள் என்று கேட்டால் சிரிப்பாரே ஒழிய இரண்டாம் தரம் சொல்லமாட்டார். ஆண்டவன் அந்த வீட்டுக்கு அளந்து கொடுத்த சத்தம் சரியான அளவுதான், பங்கு பிரிக்கும்போதுதான் ஒருவரிடமே போய்விட்டது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அழகம்மா சும்மா கத்தமாட்டார். கிளிகளைத் திட்டுவார். "பச்சச் சீலக்காரிகளா, ஒங்க மாமியா வூட்டுச் சோளமாடி இது?" என்று தொடங்குவார். அந்தக் கிளிகளின் தாய், தகப்பன், கட்டிக்கொடுத்த இடம் எல்லாம் வந்து போகும். ஒவ்வொரு வசைக்கும் முடிவில் ஒரு நீளமான "ஹோ...ய்" வரும். வீதியில் போகிற பஸ்ஸில் இருப்பவர்கள் சன்னலால் எட்டிப் பார்ப்பார்கள். நாட்டில் யுத்தம் நடக்கும் வருடங்கள் அவை. தோட்டத்தில் வெடி கொளுத்த ஏலாது. ஒரு சீனவெடி வெடித்தாலும் சென்ரிப் பொயின்ரில் இருந்து ஆமிக்காரர் துவக்கோடு வந்து நிற்பார்கள். தகரத்தைத் தட்டித் தட்டிக் கிளிகளுக்கு அது தாளம் மாதிரிப் பழகிவிட்டது. ஆகவே அந்த வட்டாரத்தில் சோளனுக்குக் காவல் என்றால் அது அழகம்மாவின் தொண்டைதான்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் பெயர் ஜெமீல். தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை வெளியேற்றியபோது முல்லைத்தீவை விட்டு வெளிக்கிட்டு, புத்தளத்தில் கொஞ்சக் காலம் இருந்து, பிறகு வவுனியாவில் வந்து ஒதுங்கியவன். ஓட்டோவின் தலையில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு, பொலிசில் அனுமதி எடுத்து, புடவைக்கடை மலிவு விற்பனை, ரியூசன் வகுப்பு, காணாமல் போன மாடு என்று ஊரெல்லாம் அறிவித்துத் திரிவேன். ஒவ்வொரு நாளும் கத்திக் கத்தித் தொண்டை புண்ணாகிப் போனதில், கொழும்பில் இருந்து பழைய கொம்பியூட்டர் ஒன்றை வாங்கி வந்தேன். வீட்டில் இருந்தபடியே ஒரு தரம் பேசிப் பதிந்து, அதை ஒரு வயர் வழியாகக் கசெற்றில் ஏற்றிவிட்டால், பிறகு நான் வாயை மூடிக்கொண்டு ஓட்டோ ஓட்டலாம். இதுதான் திட்டம்.

திட்டம் நல்லது. சத்தம்தான் வரவில்லை. முதல் தரம் நான் பேசியதைப் போட்டுக் கேட்டபோது கிணற்றுக்குள் விழுந்தவன் கூப்பிடுவது போல இருந்தது. எனக்கு வந்த கோபத்தில் மைக்கைத் தூக்கி எறியப் பார்த்தேன். என் மனைவி ஸுஹறா தடுத்தாள். அவள் கொம்பியூட்டர் வகுப்புக்குப் போய்ப் படித்தவள்.

"இஞ்ச பாருங்கோ, கோபப்பட்டால் கொம்பியூட்டருக்கு விளங்காது," என்றாள். "திரையில இந்தக் கறுப்புப் பெட்டிக்குள்ள ஒரு பச்சைக் கோடு ஓடுது பாருங்கோ. அது நூல் மாதிரிப் படுத்துக் கிடந்தால் சத்தம் காணாது. பெட்டியின்ர மேலயும் கீழயும் முட்டி வெட்டுப்பட்டால் சத்தம் கூடிப்போச்சு. இரண்டுக்கும் நடுவில ஆட வேணும்."

கோட்டை ஆட வைப்பதற்கு ஒரு சின்னப் பிடி இருந்தது, மேலே கீழே இழுக்கலாம். அதுவும் போதாவிட்டால் 'பூஸ்ட்' என்று ஒரு கட்டம். அதில் சரி போட்டால் மைக்குக்குப் பத்துக் காது முளைத்துவிடும். நான் அந்தக் கட்டத்தில் சரி போட்ட நாளில் இருந்து என் அறிவிப்புகளும் கேட்டன, தலைக்கு மேல் சுற்றுகிற எங்கள் காற்றாடியும் கேட்டது. சனத்துக்கு மலிவு விற்பனைதானே முக்கியம், காற்றாடியை யார் கவனித்தார்கள்.

இரண்டாயிரமாம் ஆண்டு மார்கழி. மழை விட்டிருந்தது. சோளன் கதிர்ப் பொத்திகளில் பால் ஏறத் தொடங்கிய நேரம், கிளிகளுக்குப் பெருநாள். நான் செட்டிகுளம் வீதியால் ஒரு பாத்திரக்கடை அறிவிப்பைப் போட்டுக்கொண்டு போகும்போது, அழகம்மா வேலிக்கு வெளியே வந்து கையைக் காட்டி நிறுத்தினார். வழக்கமாக அவர் எனக்குக் கையைக் காட்டத் தேவையில்லை, குரலே என்னை நிறுத்திவிடும். அன்றைக்கு முகம் சரியில்லை.

"நானா, ஒங்க சத்தம் அந்தக் கொழாயில வருது. நீங்க வாயத் தொறக்காமயே குந்தியிருக்கீங்க. எப்புடி?"

முஸ்லிம் ஆண்களை அண்ணா என்பதற்கு நானா என்றுதான் அங்கே கூப்பிடுவார்கள். நான் கசெற்றைக் காட்டிச் சொன்னேன். அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என் சத்தத்தையும் இப்புடி அடைச்சுத் தர ஏலுமா?"

விஷயம் இதுதான். ஒரே மகள் சுமித்திராவை மாத்தளைக்குப் பக்கத்தில் உக்குவளையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தலைப்பிரசவம். முறைப்படி மகள் தாய் வீட்டுக்கு வர வேண்டும். ஆனால் உடம்பு ஏலாமல் இருக்கிறாள், கட்டிலை விட்டு எழும்பக்கூடாது, குலுங்குகிற பஸ்ஸில் ஏறவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். மருமகனுக்குத் தாயும் இல்லை. தாய்தான் போய்ப் பார்க்க வேண்டும். போனால் சோளனைக் கிளி கொண்டுபோய்விடும். அந்தச் சோளன்தான் அவர்களுடைய வருடம் முழுக்கச் சாப்பாடு. பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு அவரவர் காவலே சரி. ஆண்டியப்பன் கத்தினால் கிளி அடுத்த பொத்திக்குக்கூட நகராது.

"அவளத் தனியா உட ஏலாது நானா. இதையும் உட்டுட்டுப் போக ஏலாது," என்று சொன்னபோது அந்தப் பெரிய குரல் கரகரத்துப் போய்ச் சின்னதாக வந்தது. எனக்கு மனது கேட்கவில்லை. இதெல்லாம் ஒரு வேலையா அக்கா, நாளைக்கே வாங்கோ, என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். வாக்குக் கொடுப்பதில் எனக்கு ஒரு நாளும் சத்தக் குறைவு இருந்ததில்லை.

மறுநாள் மத்தியானம், கிளிகள் நிழலில் ஒதுங்குகிற நேரமாகப் பார்த்து, அழகம்மா பஸ்ஸில் வந்து இறங்கினார். கல்யாண வீட்டுச் சேலை, முகத்தில் பவுடர், கையில் ஒரு பை நிறையச் சோளன் பொத்தி. ஸுஹறா கதிரையைத் துடைத்து இருத்தி, தேத்தண்ணி கொடுத்தாள். மேசையில் நின்ற மைக்கை அழகம்மா உற்றுப் பார்த்தார்.

"இதுக்குள்ளயா கத்தணும்? இத்தினியூண்டு இருக்கு. தாங்குமா?"

"தாங்கும் அக்கா, கத்துங்கோ," என்றேன் நான்.

அவர் சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். சுவரைப் பார்த்தார். குசினிப் பக்கம் பார்த்தார். பிறகு, "ஹோய்," என்றார். பள்ளிக்கூட வாசலில் நின்று உள்ளே வரலாமா என்று கேட்கிற பிள்ளையின் குரல். பச்சைக் கோடு சோம்பல் முறித்துவிட்டுத் திரும்பவும் படுத்தது.

"அக்கா, தோட்டத்தில கத்துற மாதிரி."

"அடுத்தவங்க வூட்டுல வந்து குந்திக்கிட்டு எப்புடி நானா கத்துறது? நல்லாவா இருக்கும்?"

எவ்வளவு சொல்லியும் அந்த "ஹோய்" வளரவில்லை. எனக்குப் பொறுமை கிடையாது. பிடியை மேலே முட்ட இழுத்தேன், பூஸ்டில் சரி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன், அந்தச் சின்ன ஹோயையே பதிந்தேன். மெல்லிய சத்தத்தையும் பெரிதாக்குவதற்குத்தானே கொம்பியூட்டர் இருக்கிறது என்று ஸுஹறாவுக்கு விளக்கமும் கொடுத்தேன். அவள் ஒன்றும் பேசாமல் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனாள். அவள் பேசாமல் போனால் நான் பிழை விட்டிருக்கிறேன் என்று அர்த்தம்.

பின்னேரம் தோட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பழைய குழாய் ஒன்றை மரத்தில் கட்டி, கார் பற்றரியில் இணைத்துப் போட்டோம். முதலில் எங்கள் காற்றாடி சோளன் தோட்டம் முழுவதும் சுற்றியது. பிறகு எங்கள் ஆடு கத்தியது. பிறகு ஒரு பெரிய உறிஞ்சல் கேட்டது. அது நான் தேத்தண்ணி குடித்தது. இவற்றுக்கு நடுவில் எங்கேயோ ஒரு "ஹோய்" வந்து போனது. கிளிகள் வந்து இறங்கின. ஒன்று நேராகக் குழாயின் விளிம்பில் வந்து இருந்து, காலில் ஒரு துண்டுப் பொத்தியைப் பிடித்துக்கொண்டு நிதானமாக உரித்தது. ஆண்டியப்பன் என்னவோ சொன்னார். குனிந்து கேட்டேன்.

"தேத்தண்ணி நல்லா இருந்திருக்கு போல," என்றார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அழகம்மாவுக்கோ வெட்கம் போய்விட்டது. குழாயிலேயே கிளி வந்து குந்தியதை அவரால் தாங்க முடியவில்லை. அடுத்த தரம் எங்கள் வீட்டுக்கு வந்தபோது கல்யாணச் சேலையும் இல்லை, பவுடரும் இல்லை, சோளன் பை மட்டும் இருந்தது. நேரே மேசைக்குப் போனார், மைக்கைக் கழற்றி எடுத்தார், உதட்டோடு ஒட்டி வைத்துக் கையால் பொத்திக்கொண்டு கத்தினார்.

அந்த நாட்களில் வவுனியாவில் இருந்தவர்களுக்கு இது விளங்கும். சந்திக்குச் சந்தி கொமினிகேசன் கடை இருந்தது. லண்டனுக்கும் கனடாவுக்கும் கோல் எடுக்கிறவர்கள் ரிசீவரை வாயோடு பொத்திக்கொண்டு, இங்கே இருந்து கனடாவுக்கு நேரே கேட்க வேண்டும் என்பது போலக் கத்துவார்கள். தூரம் கூடக்கூடச் சத்தமும் கூட வேண்டும் என்பது எங்கள் எல்லோருடைய நம்பிக்கை. அழகம்மாவும் வாயில் பிடிக்கிற எதையும் அப்படித்தான் பிடிப்பார்.

பச்சைக் கோடு பெட்டி முழுவதையும் நிரப்பிவிட்டது. மேலும் கீழும் கத்தரித்த வேலி மாதிரி ஒரே மட்டம். போட்டுக் கேட்டால் குரலே இல்லை, யாரோ கூரைத் தகரத்தைக் கிழிக்கிற சத்தம்.

"அக்கா, இது வெளிநாட்டுக் கோல் இல்லை," என்றாள் ஸுஹறா. என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இந்தப் பூஸ்ட்டில இன்னும் சரி கிடக்குது. இவவின்ர குரலுக்கு ஆர் பூஸ்ட் போட்டது?"

யார் போட்டது என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நான் முற்றத்தில் ஆட்டைப் பார்க்கப் போய்விட்டேன்.

அவள் அந்தச் சரியை எடுத்தாள். பிடியையும் கீழே இறக்கினாள். அப்படியும் அழகம்மா வாயை வைத்துக் கத்தினால் கோட்டின் தலை வெட்டுப்பட்டுத்தான் வந்தது. மைக்கே தாங்கவில்லை. கடைசியில் ஸுஹறா ஒரு முடிவுக்கு வந்தாள். மைக்கைச் சன்னல் திட்டில் வைத்து வெளிப்பக்கம் திருப்பினாள்.

"அக்கா, நீங்கள் எழும்பி நடவுங்கோ. நான் கையைக் காட்டுமட்டும் பின்னுக்குப் போங்கோ. போய்ப் போய்க் கத்துங்கோ."

அழகம்மா வாசல்படியில் நின்று கத்தினார். வெட்டுப்பட்டது. முற்றத்தில் நின்று கத்தினார். வெட்டுப்பட்டது. கிணற்றடியில் நின்று கத்தினார், இன்னும் கொஞ்சம் என்று ஸுஹறாவின் கை காட்டியது. படலையைத் திறந்து, ஒழுங்கையைக் கடந்து, எதிர் வளவு முருங்கை மரத்தடிக்குப் போய் நின்று கத்தியபோதுதான் கோடு பெட்டிக்குள் அடங்கி, மேலும் கீழும் அழகாக ஏறி இறங்கியது. ஸுஹறா சன்னலால் கையை உயர்த்தினாள். அக்கம்பக்கத்துச் சனம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, ஜெமீல் வீட்டில் என்ன கரைச்சல் என்று விசாரித்தது.

அளவு கிடைத்துவிட்டது. ஆனால் கேட்டுப் பார்த்த அழகம்மா தலையை ஆட்டினார்.

"இதுக்குக் கிளி பயப்புடாது நானா. எனக்கே பயமா இல்லையே."

அவர் சொன்னது சரி. குரல் தெளிவாக இருந்தது, உயரமாக இருந்தது, கோபம் மட்டும் இல்லை. முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு யாருக்குத்தான் கோபம் வரும். திரும்பத் திரும்பக் கத்தினார். ஒவ்வொரு தரமும் ஒரு நிமிசத்துக்கு மேல் அந்தக் கொம்பியூட்டர் பதியாது, ஸுஹறா மறுபடியும் மறுபடியும் அழுத்த வேண்டும். அதற்குள் கொமினிகேசன் கடைக்காரர் வந்து சொல்லிவிட்டுப் போனார்: உக்குவளையில் இருந்து மருமகன் கோல் எடுத்தாராம், சுமித்திராவை ஆஸ்பத்திரியில் விட்டாச்சாம், மாமியை உடனே வரச் சொன்னாராம்.

அழகம்மா முருங்கை மரத்தடியில் அப்படியே குந்திவிட்டார். வவுனியாவை விட்டு வெளியே போக ஆமி கொடுக்கிற பாஸ் கையில் இருந்தது, மறுநாள் காலையில் பஸ். "நான் போறேன் நானா. சோளம் போனா போகட்டும்," என்றார். சொல்லிவிட்டு அழுதார். ஒரு விளம்பரக்காரனால் ஒரு மனுசியின் சத்தத்தை ஒரு கசெற்றில் பிடித்துக் கொடுக்க முடியவில்லையே என்று என் மீதே எரிச்சலாக இருந்தது.

ஸுஹறா என்னைக் குசினிப் பக்கம் கூப்பிட்டாள்.

"பாவம், ஆடு காலையில இருந்து பட்டினி. அக்கா கொண்டுவந்த பையில இருந்து ரெண்டு பொத்தியை எடுத்து ஆட்டுக்குப் போடுங்கோவன்."

மனுசி அழுதுகொண்டிருக்கும்போது ஆட்டுச் சாப்பாடா என்று நினைத்தேன். ஆனாலும் எடுத்துக்கொண்டு போனேன். முற்றத்தில் குந்தி, நல்ல பால் பொத்தியாகப் பார்த்து மடல் உரித்து, ஒரு கடி நானும் கடித்துப் பார்த்துவிட்டு ஆட்டின் வாயில் வைத்தேன். அன்றைக்கு நான் உடுத்திருந்தது கிளிப்பச்சைச் சாரம். அல்லாஹ் மேல் ஆணையாக, நான் அதை யோசித்து உடுக்கவில்லை.

முருங்கை மரத்தடியில் இருந்து வந்தது அந்தச் சத்தம்.

"ஹோ...ய். யார்ரா அது, பச்சச் சாரம். விடு. விடுடா கதிர. ஒழச்சவ நான் இங்க குந்தியிருக்கேன், ஒனக்குப் புடுங்கித் தின்ன யாருடா சொன்னா? ஒன் தொந்திய வளக்கவா நான் வெயில்ல காஞ்சேன்? பொண்டாட்டி சோறு போடலியா வூட்டுல? போ அங்கிட்டு. போன்னா போ. ஹோ...ய்."

ஆடு பொத்தியைப் போட்டுவிட்டுப் பாய்ந்தது. முருங்கையில் இருந்த காகங்கள் கிளம்பின. நான் என்னை அறியாமல் எழும்பிக் கிணற்றுக் கட்டுக்குப் பின்னால் போய் நின்றேன். அதற்குப் பிறகுதான் அழகம்மாவுக்கு யாரைத் திட்டினோம் என்று உறைத்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார்.

"ஐயோ நானா, ஒங்களையா நான்... மன்னிச்சுக்கங்க நானா. கண்ணுக்கு அந்தப் பச்சதான் தெரிஞ்சிச்சு."

சன்னலுக்குள்ளே ஸுஹறா சிரிப்பை அடக்க முடியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வந்திட்டுது," என்றாள். "வெட்டுப்படாமல் வந்திட்டுது. ஒரு சொல்லும் குறையேல்லை."

அப்போதுதான் எனக்கு ஆட்டின் பட்டினி விளங்கியது, அவள் பதிவை அழுத்திவிட்டுத்தான் காத்திருந்திருக்கிறாள். இதை அழித்துவிட்டு வேறு ஒன்று பதிவோம் என்று நான் நாகரிகமாகச் சொல்லிப் பார்த்தேன். அழகம்மாவும் இன்னொரு தரம் மரத்தடிக்குப் போனார். என்னைப் பார்த்தார், சிரிப்பு வந்தது. முகத்தைத் திருப்பினார், அப்போதும் சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு அவரால் கத்தவே முடியவில்லை. என்னை வாடா போடா என்று திட்டிய அந்த ஒன்றுதான் மிச்சம். கசெற்றின் இரண்டு பக்கத்திலும், இடைக்கிடை வெறுமை விட்டு, அதையே ஏற்றினோம். இடைவெளியை ஒரே மாதிரி விடக்கூடாது, கிளி கணக்குப் பார்த்துவிடும் என்று அழகம்மா சொன்னார். ஸுஹறா மாற்றி மாற்றி விட்டாள்.

அன்று பின்னேரம் தோட்டத்தில் போட்டுப் பார்த்தோம். முதல் "ஹோ...ய்"க்கே கிளிகள் ஒரு பச்சைச் சீலையை உதறியது போல மொத்தமாக எழும்பின. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். பக்கத்துத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் நிமிர்ந்து குழாயைப் பார்த்தார்கள், பிறகு என் சாரத்தைப் பார்த்தார்கள். மாற்றி உடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். மறுநாள் காலையில் அழகம்மா ஒரு பையோடு பஸ் ஏறினார். ஏறும்போதும் கணவரிடம் குழாயை ஒரே மரத்தில் கட்டாதீங்க, நாளைக்கு ஒரு எடமா மாத்துங்க, என்று சொல்லிக்கொண்டே போனார். பஸ் மறைந்த பிறகும் அது கேட்டது.

தை மாதம் முழுவதும் நான் அந்த வட்டாரத்தில் ஒரு பகிடியாகத் திரிந்தேன். தேத்தண்ணிக் கடையில் போய் இருந்தால், "நானா, பொண்டாட்டி சோறு போடலியா?" என்று கேட்டார்கள். சென்ரியில் இருந்த ஆமிக்காரர் ஒருநாள் தோட்டத்துக்கு வந்து, ஒலிபெருக்கியில் யாருக்கு என்ன சொல்லப்படுகிறது என்று விசாரித்தார். ஆண்டியப்பன் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. நல்ல வேளை நான் அங்கே நின்றேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் ஒவ்வொரு வரியாக மொழிபெயர்த்தேன். அந்தத் திட்டு எனக்குத்தான் விழுந்தது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டு, தன் வீட்டிலும் இப்படி ஒரு ரேடியோ இருக்கிறது, லீவு கிடைத்தால்தான் கேட்கலாம் என்றார். பிறகு ஒரு நாளும் கேள்வி வரவில்லை.

கொஞ்ச நாளில் கொமினிகேசனில் இருந்து ஆள் வந்தது. நானும் ஸுஹறாவும் ஓடினோம். மறுமுனையில் அழகம்மா. குரல் தெளிவாக, அளவாக, வெட்டுப்படாமல் வந்தது.

"நானா, பொம்பளப் புள்ள. தாயும் புள்ளயும் சொகம். அவருகிட்டச் சொல்லிருங்க."

"அக்கா, குரல் நல்லா வருதே," என்றேன்.

பதில் இல்லை. திரும்பவும் சொன்னேன். பதில் இல்லை. கொஞ்சம் பொறுத்து அவரே சொன்னார், "ரிசீவரக் கைய நீட்டித் தூரப் புடிச்சுக்கிட்டுப் பேசுறேன் நானா, ஒங்க வூட்டுத் தங்கச்சி சொல்லிக்குடுத்த மாதிரி. நீங்க பேசுறது எனக்குக் கேக்கல. நல்லாத்தான் பேசுவீங்க." ஸுஹறா சிரித்து என் தோளில் சாய்ந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு பிள்ளை பிறந்த செய்தியை அவ்வளவு நல்ல அளவில் நான் அதற்கு முன் கேட்டதில்லை.

செய்தியைச் சொல்ல ஓட்டோவை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். நடு மத்தியானம். அந்த நேரத்தில் ஒரு கிளியும் வராது. ஆனால் தூரத்திலேயே குழாய் கத்துவது கேட்டது. எனக்குக் கோபம் வந்தது. பற்றரியைச் சார்ஜ் பண்ணுவதற்குத் தூக்கிக்கொண்டு திரிகிறவன் நான். காவல் கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தேன். ஆண்டியப்பன் சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். குழாயில் அழகம்மா என்னைப் பிடித்துத் திட்டிக்கொண்டிருந்தார்.

"கிளி ஒண்டும் இல்லையே, ஏன் போட்டனீங்கள்?"

அவர் சொன்னது கேட்கவில்லை. பக்கத்தில் போய்க் குனிந்தேன். முதல் தடவையாக ஒரு சொல்லை எனக்காக இரண்டாம் தரம் சொன்னார்.

"சத்தம் இல்லாம சோறு எறங்கல நானா."

கட்டின நாளில் இருந்து அழகம்மா அவரை விட்டு ஒரு இரவும் எங்கும் போனதில்லையாம். பேத்தி பிறந்திருக்கிறாள் என்று சொன்னேன். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். குழாய் என் தொந்தியைப் பற்றிப் பேசியது. இருவரும் சிரித்தோம்.

மாசி பிறந்து, பொத்திகள் காய்ந்து, முறிக்கிற பருவம் வந்துவிட்டது. கிளி தின்றது ஓரத்தில் சில வரிசைதான். ஒரு காலையில் நான் சார்ஜ் ஏற்றிய பற்றரியைத் தோளில் தூக்கிக்கொண்டு வரம்பால் வந்தேன். ஆண்டியப்பன் கொட்டில் வாசலில் குந்தியிருந்து பொத்தி உரித்தார். அந்த நேரம் பார்த்து, "ஹோ...ய்" என்று ஒரு சத்தம் எழும்பியது. கிளிகள் கிளம்பின. ஆண்டியப்பன் வழக்கம் போல நிமிர்ந்து கசெற் பெட்டியைப் பார்த்தார். பெட்டி மூடியிருந்தது. என் தோளில் இருந்த பற்றரியைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார்.

அவர் எழும்பியபோது மடியில் இருந்த பொத்திகள் உருண்டு போயின. வீதியில், பஸ் நிற்கிற இடத்தில், கையில் பையோடு ஒரு சின்ன உருவம். ஆண்டியப்பன் இரண்டு கையையும் வாயில் குவித்து வைத்துக்கொண்டார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. என் வாழ்நாளில் ஒரு மனிதன் அவ்வளவு பாடுபட்டுக் கத்தி நான் பார்த்ததில்லை.

"ஓ...ய்."

பக்கத்தில் நின்ற எனக்கே அது அரைகுறையாகத்தான் கேட்டது. இரண்டாவது வரிசைச் சோளனைத் தாண்டியிருக்காது. ஸுஹறாவின் பெட்டியில் பதிந்திருந்தால் பச்சைக் கோடு அசைந்திருக்குமா என்பதே சந்தேகம்.

வீதியில் இருந்து உடனே பதில் வந்தது.

"கேக்குதுங்க. வாரேன்."